தாவர நோய் பாக்டீரியாக்களின் பெயரீடும் வகைப்பாடும்

தாவர நோய் பாக்டீரியாக்களின் பெயரீடு என்பது, பயிர்களில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு அறிவியற் பெயர் இட்டு, அவற்றைப் பேரினம், இனம், நோய்வகை என்னும் படிகளில் அடக்கும் முறையாகும். இப்பெயர் இரண்டு செய்திகளைத் தர வேண்டியுள்ளது. ஒன்று, உயிரியின் உறவுமுறை. மற்றொன்று, அது தாக்கும் பயிர். இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

ஒரு பயிருக்கு ஓர் இனம்

மயிலாப்பூர், தியாகராய நகர் காய்கறிக் கடைகளில் வாங்கும் எலுமிச்சம்பழத் தோலில் பழுப்பு நிறச் சொறி காணப்படுவது உண்டு. இது பாக்டீரியாவால் வரும் சொறி நோய் ஆகும். 1915-இல் அமெரிக்காவில் கிளாரா ஹாசே இதன் காரணியைப் பிரித்தெடுத்து சூடோமோனாஸ் சிட்ரி எனப் பெயரிட்டார். நோயோ அதனினும் பழையது. 1827-1831 காலத்தில் இந்தியாவில் திரட்டப்பட்ட உலர் தாவரப் பதிவுகளிலேயே இதன் புண்கள் உள்ளன.

1939-இல் டவ்சன் என்பவர் மஞ்சள் நிறத்தில் வளரும் இத்தகைய பாக்டீரியாக்களுக்காக சாந்தோமோனாஸ் என்னும் பேரினத்தை ஏற்படுத்தினார். கிரேக்க மொழியில் 'சாந்தோஸ்' என்றால் மஞ்சள். ஆய்வகச் சோதனைகளில் இவை ஒன்றுபோலவே தோன்றியதால், தாக்கும் பயிரைக் கொண்டே இனம் பிரிக்கப்பட்டது. புனேயில் எம். கே. படேலும் உடன் பணியாற்றியோரும் இவ்வழியில் பல புதிய இனங்களை விவரித்தனர். மாவின் கருப்புப் புள்ளி நோய்க் காரணிக்கு அவர்கள் 1948-இல் பெயரிட்டனர். அது மஞ்சள் நிறமி அற்றது. எனவே சூடோமோனாஸ் பேரினத்தில் வைக்கப்பட்டது.

1980-ஆம் ஆண்டு மாற்றம்

1974-இல் வெளிவந்த பெர்கியின் கையேடு, நூற்றுக்கும் மேற்பட்ட சாந்தோமோனாஸ் இனங்களை ஐந்தாகக் குறைத்தது. 1980 சனவரி 1 முதல், ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லாத பழைய பாக்டீரியாப் பெயர்கள் அனைத்தும் செல்லாதவையாயின. எலுமிச்சையின் 'சிட்ரி'யும் இனம் என்னும் நிலையை இழந்தது. பயிர்ப் பாதுகாப்புச் சட்டங்கள் பெயர் குறித்துத் தடைசெய்த உயிரிக்கே பெயர் இல்லாமற் போகும் நிலை அது. இதற்குத் தீர்வாக, பன்னாட்டுத் தாவர நோயியல் கழகம் 'பேத்தோவார்' எனப்படும் நோய்வகையை முறைப்படுத்தியது. ஒரே இனத்துள் தாக்கும் பயிராலோ நோயின் தன்மையாலோ வேறுபடுவன தனித்தனி நோய்வகைகள் ஆகும். சான்றாக, நெல்லைத் தாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே இனத்தில், இலைக்கருகல் நோய் தருவது ஒன்று. இலைக்கீற்று நோய் தருவது மற்றொன்று.

பெயர்க் குழப்பம் ஏட்டளவில் நிற்கவில்லை. 1984-இல் அமெரிக்காவின் புளோரிடா நாற்றங்கால்களில் தோன்றிய இலைப்புள்ளியைச் சொறி நோய் எனக் கருதி, பல இலட்சம் நாற்றுகளை எரித்தனர். அது கடுமை குறைந்த வேறொரு பாக்டீரியா என்பது பின்னரே தெளிவாயிற்று.

டி.என்.ஏ. காட்டிய உறவு

1995-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் டி.என்.ஏ. ஒப்புமையின் அடிப்படையில் சாந்தோமோனாஸை 20 இனங்களாகப் பிரித்தனர். அப்போது அக்சோனோபோடிஸ் இனத்தில் சேர்க்கப்பட்ட எலுமிச்சைக் காரணி, 2006-இல் மீண்டும் சாந்தோமோனாஸ் சிட்ரி ஆனது. 2009-இல் மாவின் காரணியும் அதே இனத்தின் நோய்வகையாக ஏற்கப்பட்டது. நிறத்தால் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டது, உறவால் எலுமிச்சையின் காரணிக்கு அண்மையதாயிற்று.

வளர்க்க இயலாதவை

புதிய இனத்தை ஏற்க, அதன் உயிருள்ள வளர்ப்பு இரு நாடுகளின் சேமிப்பகங்களில் வைக்கப்பட வேண்டும் என்பது விதி. கத்தரியின் சிற்றிலை நோய்க் காரணி இதற்கு உட்படுவதில்லை. கோயம்புத்தூரில் தாமஸும் கிருஷ்ணசாமியும் 1939-இல் விவரித்த இந்நோய், நெடுங்காலம் நச்சுயிரி நோய் எனக் கருதப்பட்டது. 1967-இல் ஜப்பானியர் இவ்வகை நோயுற்ற பிற செடிகளில் செல்சுவரற்ற பாக்டீரியாக்களைக் கண்ட பின்னரே கருத்து மாறியது. ஃபைட்டோபிளாஸ்மா எனப்படும் இவற்றுக்கு 'கேண்டிடேட்டஸ்' என்னும் முன்னொட்டுடன் தற்காலிகப் பெயரே தரப்படுகிறது. இந்தியக் கத்தரியில் காணப்படுவது, 2004-இல் டிரைஃபோலி எனப் பெயர் பெற்ற இனத்தைச் சார்ந்தது. அப்பெயர் தீவனப்பயிரான குளோவரைக் குறிப்பது. கத்தரிக்கு அதில் இடமில்லை. 2022-இல் வெளியான 'சீக்கோடு' என்னும் தனி விதித்தொகுப்பு, வளர்ப்புக்குப் பதிலாக மரபணுத்தொகை வரிசையையே சான்றாக ஏற்கிறது.