குருதியின் செம்மை

நுழையும்முன்

நோய் என்றதும் காய்ச்சலும் வலியும் நினைவுக்கு வருகின்றன. காய்ச்சலும் வலியும் இன்றி உடலில் ஓசையின்றிக் குடியேறும் நோய்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று இரத்தச்சோகை. அதனைப் பற்றிப் பலரும் எழுப்பும் வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

பாதிப் படியில் நின்றவள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் படிகள் நானூற்றுக்கும் மேற்பட்டவை. மாணவியர் குழு ஒன்று உச்சிப்பிள்ளையார் கோயிலை நோக்கி அப்படிகளில் ஏறுவதாகக் கொள்வோம். சிலர் ஓடியே ஏறிவிடுவர். ஒருத்தி மட்டும் பாதி வழியில் சுவரில் சாய்ந்து நிற்பாள். நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கண் இருளும். தோழியர் அவளைச் சோம்பேறி என்று நகைப்பர். வகுப்பில் அவள் கவனம் சிதறினால் அக்கறையற்றவள் என்று பெயர் கிட்டும். நாளடைவில் அவளே அப்பெயர்களை நம்பத் தொடங்குவாள்.

குறை அவளது ஊக்கத்தில் இல்லாமல் குருதியில் இருக்கக்கூடும். ஒரு துளிக் குருதியைச் சோதித்தால் அது தெரிந்துவிடும். ஆயினும் அந்தச் சோதனை நிகழாமலே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இந்நோயின் கொடுமை இதுவே.

இரத்தச்சோகை என்பது யாது?

மலையுச்சியிலிருந்து வடக்கே நோக்கினால் காவிரியும் கொள்ளிடமும் தெரியும். இடையே திருவரங்கம் தீவாக விளங்கும். பாலங்கள் இல்லாத காலத்தில் ஆற்றைக் கடக்கப் பரிசல்களே துணை. பரிசல்கள் குறைந்தாலும், அவை சிறுத்தாலும் அக்கரைக்கு வேண்டிய பொருள் போய்ச் சேராது. குருதியின் சிவப்பணுக்களும் அத்தகைய பரிசல்களே. நுரையீரலில் உயிர்வளியை ஏற்றிக்கொண்டு உடலின் ஒவ்வொரு திசுவிலும் இறக்குவது அவற்றின் பணி. உயிர்வளியைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஹீமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. குருதிக்குச் செந்நிறம் தருவதும் அதுவே.

சிவப்பணுக்களோ ஹீமோகுளோபினோ உடலின் தேவைக்குக் குறையும் நிலையே இரத்தச்சோகை. கருவுறாத மகளிர்க்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் 12 கிராமுக்கும், ஆடவர்க்கு 13 கிராமுக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் இரத்தச்சோகை என்று உலகச் சுகாதார அமைப்பு வரையறுத்துள்ளது. கருவுற்ற மகளிர்க்கு அளவு மாறுபடும். தொடக்க மாதங்களில் அது 11 கிராம். கருவுறாத மகளிர்க்கு 8 கிராமுக்கும் கீழே இறங்கினால் அது கடுமையான நிலை.

சித்த மருத்துவம் இந்நோயைப் 'பாண்டு' என்று குறிக்கிறது. பாண்டு என்னும் சொல்லுக்கு வெளுப்பு என்பது பொருள். இதற்குத் தரப்படும் மருந்துகளுள் அன்னபேதிச் செந்தூரமும் ஒன்று. அன்னபேதி என்பது இரும்பின் உப்பாகும். வெளுத்த உடலுக்கு இரும்பு தேவை என்பதை நம் மருத்துவ மரபும் அறிந்திருந்தது.

அறிகுறிகள் யாவை?

களைப்பு, தலைச்சுற்றல், தலைவலி, சிறு வேலைக்கும் மூச்சு வாங்குதல், நெஞ்சுப் படபடப்பு, கவனக்குறைவு ஆகியன பொதுவான அறிகுறிகள். கீழிமையின் உட்புறமும் நாக்கும் நகமும் வெளிறிக் காணப்படும். நகம் குழிந்து கரண்டி வடிவம் பெறுவதும், வாயோரம் வெடிப்பதும் உண்டு. மண், சாம்பல், பனிக்கட்டி, பச்சரிசி ஆகியவற்றை அடக்கவியலாத விருப்பத்துடன் தின்பதும் இரும்புக் குறையின் அடையாளமாக இருக்கலாம். அதனைக் கெட்ட பழக்கம் என்று கடிந்து ஒதுக்காமல் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

குறை மெல்ல மெல்ல நேரும்போது உடலும் அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ஆகவே அறிகுறி எதுவும் தோன்றாமலே நோய் முற்றுவதும் உண்டு. தோற்றத்தை மட்டும் கொண்டு இதனை உறுதிசெய்ய இயலாது. குருதிச் சோதனை இன்றியமையாதது.

எத்தனை வகை? என்ன காரணம்?

காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம்: சிவப்பணுக்கள் போதிய அளவு உருவாகாமை, உருவானவை உடலைவிட்டு வெளியேறுதல், உரிய காலத்திற்கு முன்பே அழிதல்.

முதற்காரணத்தில் தலையாயது இரும்புக் குறை. உலகில் மிகுதியாகக் காணப்படும் வகை இதுவே. இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறும். ஃபோலிக் அமிலமோ வைட்டமின் பி12-ஓ குறைந்தால் அணுக்கள் அளவுக்கு மீறிப் பருத்துவிடும், எண்ணிக்கை குறையும். பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் கிடைக்கும். ஆதலால் மரக்கறி உணவை மட்டும் உண்போர் பாலையும் தயிரையும் தவிர்த்தலாகாது. பி12 குறைபாடு நரம்புகளையும் தாக்குவதால் கைகால்கள் மரத்துப்போகக்கூடும். எலும்பு மஞ்ஞையே செயலிழப்பதால் வருவது மற்றொரு வகை. அது அரியது, ஆனால் கடுமையானது. நாட்பட்ட சிறுநீரக நோயும் சிவப்பணு உருவாக்கத்தைக் குறைக்கும்.

இரண்டாவது காரணம் குருதியிழப்பு. மாதவிடாயில் மிகுந்த குருதிப்போக்கு, மகப்பேறு, குடற்புண், மூலம் ஆகியவை இதில் அடங்கும். கொக்கிப்புழு மற்றொரு மறைந்த கள்வன். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் அதன் இளவுயிரி, இறுதியில் குடற்சுவரைப் பற்றிக் குருதியை உறிஞ்சும். ஒரு புழு உறிஞ்சுவது சிறு துளியே. பல புழுக்கள் பல மாதங்கள் உறிஞ்சினால் இழப்பு பெரிதாகும்.

மூன்றாவது, அணுக்களின் சிதைவு. சிவப்பணுவின் இயல்பான வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்கள். மலேரியாவிலும், மரபுவழி வரும் தலசீமியா, அரிவாளணு நோய் ஆகியவற்றிலும் அது அதற்கு முன்பே அழிகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணுக் கூறு இருப்பதை 1952-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு வெளிப்படுத்தியது. இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் நோக்குடன் 2023-இல் நடுவணரசு தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியுள்ளது.

மருத்துவ வரலாற்றில் சென்னையும் குன்னூரும்

லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1928-இல் மும்பைக்கு வந்தார். நெசவாலைகளில் பணிபுரிந்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தச்சோகைக்கு ஆளாவதன் காரணத்தை ஆராய்ந்தார். நோய்க்கு ஏதேனும் கிருமி காரணமா என்று தேடியவர், பின்னர் அப்பெண்களின் உணவை நோக்கினார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது. இன்று கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை என்று வழங்குவது அதுவே. விலை மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931-இல் அவர் வெளியிட்டார்.

அச்சாற்றில் இருந்த சத்து பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1941-இல் அது கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையிலான குழு 1945-இல் அதனைச் செயற்கையாக உருவாக்கியது. கருவுற்ற மகளிர் அனைவருக்கும் இன்று வழங்கப்படும் மாத்திரைக்குப் பின்னால், வறுமையில் உழன்ற அப்பெண்களின் துயரும் ஒரு மருத்துவரின் விடாமுயற்சியும் உள்ளன.

யாரை மிகுதியும் தாக்குகிறது?

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் 57 விழுக்காட்டினர்க்கு இரத்தச்சோகை இருந்தது. தமிழ்நாட்டில் இது 53.4 விழுக்காடு. அதே வயதுடைய இந்திய ஆடவருள் 25 விழுக்காட்டினரும் இதற்கு ஆளாகியிருந்தனர். எனவே இதனைப் பெண்களின் நோய் என்று மட்டும் கொள்வது பிழை.

ஒரு மில்லிலிட்டர் குருதியுடன் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. வளரிளம்பெண் வளர்ச்சிக்கும் இரும்பைச் செலவிடுகிறாள். மாதந்தோறும் இழக்கவும் செய்கிறாள். ஆகவே 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு உணவில் 32 மில்லிகிராம் இரும்பும், அதே வயது ஆணுக்கு 26 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் பரிந்துரைத்தது. பல வீடுகளில் நிகழ்வதோ இதற்கு மாறானது. அனைவர்க்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்பவர் தாயும் மகளுமே. தேவை மிகுந்தவர்க்குப் பங்கு குறையும் இவ்வழக்கத்தை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய இயலாது. மிகுந்த குருதிப்போக்கைச் சொல்லக் கூசுவதும் நோயை வளர்க்கும்.

எதனை உண்பது? எவ்வாறு உண்பது?

முருங்கைக்கீரை முதலிய கீரைகள், கம்பு, கேழ்வரகு, கொண்டைக்கடலை, காராமணி, எள், பேரீச்சை ஆகியவை இரும்பு தருபவை. ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். தாவர இரும்பை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. எனினும் தாவர உணவுடன் வைட்டமின் சி சேர்ந்தால் ஏற்பு உயரும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றின் பயன் இதுவே. தானியங்களை ஊறவைத்தலும் முளைகட்டுதலும் மாவைப் புளிக்கவைத்தலும் இரும்பைத் தடுக்கும் பொருள்களைக் குறைக்கின்றன.

உணவு முடிந்த கையோடு காப்பி அருந்துவது திருவரங்கத்து வீடுகளில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் உள்ள பழக்கம். காப்பியிலும் தேநீரிலும் உள்ள பொருள்கள் இரும்பின் ஏற்பைத் தடுக்கின்றன. காப்பியைக் கைவிட வேண்டியதில்லை. உணவுக்கும் அதற்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி விட்டால் போதும்.

பீட்ரூட் தின்றால் இரத்தம் ஊறும் என்பது பரவலான நம்பிக்கை. அதன் சிவப்புக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் அளவிற்கும் குறைவாகவே இரும்பு உள்ளது. காவிரிக்கரையில் விளையும் வாழைப்பழமும் அத்தகையதே. இரண்டும் நல்ல உணவுகள். இந்நோய்க்கு மருந்துகள் அல்ல.

மருத்துவம் யாது?

எவ்வகைச் சோகை என்பதை அறிந்த பின்னரே மருத்துவம் தொடங்க வேண்டும். இரும்புக் குறைக்கு இரும்பு மாத்திரை தரப்படும். சில வாரங்களில் ஹீமோகுளோபின் உயரத் தொடங்கும். களைப்பு நீங்கியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர், இது தவறு. உடலின் இருப்பும் நிரம்ப வேண்டுமாதலால், அளவு சீரான பின்னும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். மலம் கறுப்பது இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. குமட்டலோ மலச்சிக்கலோ தோன்றினால் மருத்துவரிடம் கூறி வேளையையோ வகையையோ மாற்றிக்கொள்ளலாம். மாத்திரை பயன்தராதபோது நாளத்தின் வழி இரும்பு செலுத்தப்படும். உயிருக்கு ஊறு நேரும் நிலையில் குருதி ஏற்றப்படும். பி12 குறைக்கு ஊசியோ மாத்திரையோ உண்டு. கடும் தலசீமியா உடையோர்க்குத் தொடர்ந்து குருதி ஏற்ற வேண்டும். எலும்பு மஞ்ஞை மாற்று சிகிச்சை சிலர்க்குத் தீர்வு தரும். இவர்கள் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்குமாதலால், தாமாக இரும்பு மாத்திரை உண்பது கேடு. இரும்பு மாத்திரைகளைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்தலும் கடமை. மிகுதியாக விழுங்கினால் அது நஞ்சாகும்.

அரசுப் பள்ளிகளில் வளரிளம் பருவத்தினர்க்கு வாரம் ஒருமுறை இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த நீலநிற மாத்திரை வழங்கப்படுகிறது. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் தரப்படுகிறது. ஆசிரியர் திரும்பியதும் மாத்திரையைச் சன்னல் வழியே எறிவோர் உளர். எறியப்படுவது ஒரு மாத்திரை மட்டுமன்று. படிக்கும் திறனும் ஓடும் ஆற்றலும் பின்னாளில் பிறக்கும் குழந்தையின் நலமும் அதனுடன் சேர்கின்றன. கருவுற்ற காலத்துக் கடும் சோகை, குறைப்பேற்றுக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வழிவகுக்கும். மகப்பேற்றின்போது நேரும் குருதியிழப்பைத் தாங்கும் வலிமையையும் குறைக்கும்.

அறிதலே தொடக்கம்

திருவரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று இயங்கியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. போசளர் காலத்தில் ஏற்பட்ட அது, 1493-இல் புதுப்பிக்கப்பட்டது. கோயிலுக்குள் இன்றும் தன்வந்திரி சன்னதி உள்ளது. பிணியாளரைப் பேணுவது ஊரின் பொறுப்பு என்று கருதிய மண் இது. இன்று அப்பொறுப்பைத் திருச்சிராப்பள்ளி புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை முதல் சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை பலவும் ஏற்றுள்ளன. ஹீமோகுளோபின் சோதனைக்கு வேண்டியது சிறிதளவு குருதியும் சில நிமிடங்களுமே.

படியில் நின்ற மாணவிக்குத் தேவைப்பட்டது அறிவுரையன்று, அந்தச் சோதனையே. அருகில் நின்ற தோழியருள் ஒருத்தி நகைக்காமல், "வா, நாளை சோதித்துப் பார்க்கலாம்" என்று கூறியிருந்தால் போதும். அடுத்த ஆண்டு அவளும் உச்சியில் நின்று காவிரியைக் கண்டிருப்பாள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் உண்ணும் உணவுகளைப் பட்டியலிட்டு, இரும்பு தருவனவற்றையும் அதன் ஏற்பைத் தடுப்பனவற்றையும் வகைப்படுத்துக.

2. 'வீட்டில் இறுதியாக உண்பவர் யார்?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரிடம் இரத்தச்சோகை குறித்துக் கேட்பதற்குரிய ஐந்து வினாக்களை உருவாக்குக.