தேனீயா, ஈயா? மருந்தடிக்கும் முன் பாருங்கள்

"தட்டைப்பயறில் சின்னத் தேனீக்கள் அந்தரத்தில் அப்படியே நின்று பறக்கின்றன. கொழுந்தில் அசுவினியும், கூடவே பச்சைப் புழுவும் இருக்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?" இந்த மாதிரிக் கேள்வி அடிக்கடி வருகிறது.

தெளிப்பானைத் தோளில் மாட்ட அவசரப்பட வேண்டாம். அப்படி நின்று பறப்பது பெரும்பாலும் தேனீ அல்ல, சிர்பிட் ஈ. உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். கொட்டும் பூச்சி என்று நினைத்துப் பறவைகள் ஒதுங்குவதற்கான வேஷம் அது. கொடுக்கே கிடையாது, தாராளமாகக் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

தேனீக்கு இரண்டு ஜோடி இறக்கை, ஈக்கு ஒரே ஜோடி என்று புத்தகத்தில் படித்திருப்போம். வயலில் அதை எண்ணுவது நடக்கிற காரியமா? தேனீயின் முன் இறக்கையும் பின் இறக்கையும் கொக்கியால் கோத்துக்கொண்டு ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் முகத்தைப் பாருங்கள். ஈக்குத் தலையை அடைத்துக்கொண்டு பெரிய கண்கள். உணர்கொம்பு இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டை. தேனீக்கு உணர்கொம்பு நீளமாக, முழங்கை போல மடிந்திருக்கும். பின்னங்காலில் மகரந்த உருண்டை ஒட்டியிருந்தால் சந்தேகமே இல்லை, தேனீதான்.

இரண்டுமே பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பவை. பிறகு எதற்குப் பிரித்துப் பார்க்க வேண்டும்? அந்தப் பச்சைப் புழுவுக்காகத்தான். அது சிர்பிட் ஈயின் குஞ்சு. தாய் ஈ அசுவினிக் கூட்டத்தின் நடுவிலேயே வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுவிட்டுப் போகும். வெளிவரும் புழு அசுவினியைப் பிடித்துச் சாற்றை உறிஞ்சி, வெறும் தோலைப் போட்டுவிடும். கூட்டுப்புழு ஆவதற்குள் ஒரு புழு நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். இதைத்தான் பலர் இலை தின்னும் புழு என்று மருந்தடித்துக் கொல்கிறோம். நானும் ஒரு காலத்தில் கொன்றவன்தான்.

இலை தின்னும் புழுவுக்குத் தலையும் கால்களும் தெளிவாகத் தெரியும். பக்கத்து இலை கடிபட்டிருக்கும். சிர்பிட் புழுவுக்குக் காலே இல்லை. ஒரு முனை கூராக இருக்கும், அட்டை மாதிரி நெளிந்து போகும். அசுவினிக்கு நடுவில்தான் கிடக்கும்.

இந்தப் புழு கண்ணில் பட்டால் சில நாள் பொறுத்துப் பாருங்கள். புழு இல்லாமல் அசுவினி மட்டும் அப்பிய கொழுந்துகளைக் கிள்ளி அழித்துவிடலாம். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், தேனீ நடமாட்டம் அடங்கிய சாயங்காலத்தில் அடியுங்கள். வரப்போரம் கொஞ்சம் கொத்தமல்லி விதைத்துப் பூக்க விடுங்கள். தாய் ஈக்குத் தேனும் மகரந்தமும்தான் சாப்பாடு. பூ இருக்கிற வயலைத் தேடி வரும்.