அகற்றலும் அமைத்தலும்

மார்பிலே புற்றுநோய் கண்ட பெண்ணுக்கு வைத்திய உலகம் நெடுங்காலம் ஒரே தீர்ப்பையே வழங்கி வந்தது. அமெரிக்கச் சத்திரவைத்தியர் வில்லியம் ஹால்ஸ்ரெட் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படி, மார்பகம் முழுவதும், அதன் கீழுள்ள தசைகளும், கக்கத்து நிணநீர்க் கணுக்களும் ஒருங்கே நீக்கப்பட்டன. பெரிதாய் வளர்ந்த கட்டிகளுடனேயே பலர் வந்த அக்காலத்தில் அதனைக் குறைகூறல் ஆகாது. ஆயினும், விலா எலும்புகள் புலப்படும் மார்பும் வீங்கிய கையுமே பலருக்கு எஞ்சின. இந்த அச்சத்தினாற் கட்டியை எவருக்கும் சொல்லாது மறைத்த பெண்கள் எத்தனையோ பேர்.

தீர்ப்பை மாற்றியது இத்தாலி நாட்டு மிலான் நகரில் நிகழ்ந்த ஆய்வு. அங்கே உம்பேட்டோ வெரோனேசி என்னும் சத்திரவைத்தியர், 1973 முதல் 1980 வரை, இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டியும் கக்கத்தில் நெறி தட்டுப்படாத நிலையுமுடைய 701 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்ரெட் முறை. மற்றவர்க்கு மார்பகத்தின் காற்பகுதியை எடுத்துக் கதிர்ச்சிகிச்சை. 2002இல் இருபதாண்டுக் கணக்கு வெளியானபோது, நோயால் இறந்தோர் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மார்பகம் காக்கப்பட்டவர்களுள் 30 பேருக்கு அதே மார்பகத்திலும், மற்றப் பிரிவில் 8 பேருக்கு அறுத்த இடத்திலும் நோய் மீண்டது என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

உயிர் தப்பியது, மார்பகமும் எஞ்சியது. ஆனால் எஞ்சியதன் வடிவம்? கட்டியை எடுத்த குழியில் முதலில் நீர் தேங்குவதால், சில வாரங்கள் யாதொரு குறையும் தோன்றாது. பின்னர் நீர் வற்றி, தழும்பு சுருங்கி, கதிர்பட்ட தோல் இறுகும்போது குழி உள்வாங்கும்; முலைக்காம்பு ஒருபுறம் இழுபடும். கீழ்ப்பாதியில் இக்கோணல் எளிதில் நேரும். கதிர்பட்ட இடத்திற் பின்னர் கத்தி வைத்துத் திருத்துவதோ கடினம். காயமும் மெல்லவே ஆறும். ஆகவே அகற்றும் வேளையிலேயே அமைத்தும் விடவேண்டும் என்னும் கொள்கை 1990களில் வலுப்பெற்றது.

பாரிஸ் நகரச் சத்திரவைத்தியர் கிறிஷ்ணா குளோவும் அவர் குழுவினரும் 2010இல் இதற்கோர் அளவுகோல் வகுத்தனர். மார்பகப் பருமனில் 20 வீதத்துக்குக் குறைவாக எடுத்தால், அயலிலுள்ள திசுவைத் தோலினின்றும் தசையினின்றும் விடுவித்து இழுத்துப் பொருத்தினாற் போதும். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் இதனை மட்டாகவே செய்தல் வேண்டும். இரத்தவோட்டம் குன்றினாற் கொழுப்பு மடிந்து கல்லுப்போலாகி, நோய் மீண்டதோ என்று வைத்தியரையே மயக்கும்.

20 முதல் 50 வீதம் வரை எடுக்கவேண்டுமாயின், கிழிந்த இடத்தை மட்டும் தைக்காது சட்டை முழுவதையுமே சிறிதாக்கித் தைக்கும் தையற்காரனின் உபாயமே கைக்கொள்ளப்படும். மிகுதித் தோல் நீக்கப்படும். முலைக்காம்பு தன் இரத்தக்குழாய்களோடு புதிய இடத்துக்கு ஏற்றப்படும். மார்பகம் சிறிதாயினும் வடிவுடன் அமையும். இரண்டும் ஒத்திருக்க, மற்றைய மார்பகத்தையும் சிறிதாக்குவதுண்டு.

சிறிய மார்பகத்திலோ உள்ளிருந்து எடுக்க ஏதுமில்லை; வெளியிலிருந்தே கடன்வாங்க வேண்டும். முதுகின் அகன்ற தசையில் ஒரு பகுதியை அதன் இரத்தக்குழாய் அறாமற் கக்கத்தின் கீழாகத் திருப்பிக் குழியை நிரப்பலாம். தசையைத் தொடாது, விலாப்புறத்துத் தோலையும் கொழுப்பையும் மட்டும் அவ்வாறு திருப்பும் நுண்முறையும் உண்டு.

எனினும் அழகு இரண்டாவதே. எடுத்த துண்டின் திசைகளை நூலால் அடையாளமிட்டு நோயியல் நிபுணருக்கு அனுப்புவர். விளிம்பில் நோய் காணப்படின் மீண்டும் அறுக்கவேண்டும், சிலவேளை முழு மார்பகத்தையுமே இழக்கவும் நேரும். திசுக்கள் இடம்மாறியபின் தழும்பின் நேர்கீழே கட்டி இருந்த இடம் இராது. அதனாற் கதிர்ச்சிகிச்சைக்கு வழிகாட்டச் சிறிய உலோகக் கவ்விகளைக் குழியின் படுக்கையில் விட்டுவைப்பர். கதிர்ச்சிகிச்சை பெற இயலாதவர்க்கும், நோய் மார்பகமெங்கும் பரவியவர்க்கும் இம்முறை பொருந்தாது.

படுத்தால் மார்பகம் பக்கவாட்டிற் சரிந்துவிடும். ஆதலால், மயக்கமருந்து கொடுக்குமுன் நோயாளியை நிற்கவைத்தே தோலின்மீது கோடுகள் வரையப்படும். தழும்பு எங்கே அமையும், மற்றைய மார்பிலும் கத்தி படுமா என்பவற்றை அதற்கு முன்னரே அவளுக்கு விளக்கிச் சம்மதம் பெறுவர்.