வாக்ஸா, சீலன்ட்டா?

திருவான்மியூரில் கார் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். "அண்ணே, வாக்ஸ் போடலாமா, சீலன்ட் போடலாமா?" என்று கேட்டு வருபவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வண்டி எங்கே நிற்கும்?"

வாக்ஸில் பெயர்பெற்றது கார்னோபா. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. சுமார் 82 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. கறுப்பு, அடர்சிவப்பு வண்டிகளில் அதன் பளபளப்பே தனி. ஆனால் நம் வெயிலில் சில வாரங்கள்தான் தாங்கும். சீலன்ட் செயற்கை பாலிமர். சில மாதங்கள் நிற்கும்.

ஷெட் இருக்கிறது, ஞாயிறுதோறும் வண்டி துடைக்கப் பிடிக்கும் என்றால் வாக்ஸ் போதும். கடற்கரைத் தெருவில் உப்புக்காற்றில் நிறுத்துபவருக்கு சீலன்ட். இரண்டும் வேண்டுமானால் முதலில் சீலன்ட், அது இறுகியபின் வாக்ஸ். மாற்றிப் போட்டால் சீலன்ட் பெயின்ட்டில் ஒட்டாது.

எதைப் போட்டாலும் முதலில் கார் ஷாம்பூவால் கழுவி, கிளே பார் தேய்த்து, ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்க வேண்டும். நிழலில், பானெட் சூடு ஆறியபின், மெல்லிசாகப் பூசி மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். கனமாகப் பூசினால் பொருள்தான் வீண்.

ஆழமான கீறலை இரண்டும் போக்காது. காக்கை எச்சத்தை உடனே ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். காயவிட்டால் எந்தப் பூச்சையும் தாண்டி பெயின்ட்டை அரிக்கும். கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடாகப் படர்ந்தால், மறுபூச்சுக்கு நேரமாகிவிட்டது.