வரம்பும் மறுகரையும்: வன்தட்டுப் பகுப்பும் பணிசெயல் முறைமையை மீள நிறுவுதலும்

கணினியொன்று இயங்க மறுக்கும்போது அதனை நகரத்துத் திருத்துநரிடம் ஒப்படைத்து, இயங்கும் நிலையில் மீளப் பெற்றுக்கொள்வதே நம்மிடையே வழக்காகும். உள்ளேயிருந்த ஆவணங்கள் யாவை, அவை எஞ்சினவா என்ற வினா பெரும்பாலும் பின்னரே எழுகின்றது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த கொக்கட்டிச்சோலை போன்ற ஊர்களில், ஒரு கணினியைப் பாடசாலையோ சங்கமோ பொதுவிற் பயன்படுத்துமாயின், அவ்வினா தனியொருவருக்குரியதன்று. அங்கு அழிவது ஊரின் பதிவேயாகும். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 முறைமைக்கான பொதுவான ஆதரவு முடிவுற்றமையால், பழைய கணினிகள் பலவற்றில் வேறு முறைமையை நிறுவவேண்டிய தேவை தோன்றியுள்ளது. எனவே இச்செயலின் உட்பொருளை விளக்க முற்படுகின்றோம்.

வன்தட்டில் இருவகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று, கணினியை இயக்கும் பணிசெயல் முறைமை. இஃது எங்கும் ஒரே தன்மையது. பழுதுற்றால் மீளப் பெறத்தக்கது. மற்றையது, பயன்படுத்துவோர் ஆக்கிய ஆவணங்கள். இவை போனால் மீளா. இவ்விரண்டையும் கலந்து வைத்திருப்பதே இழப்புக்கு முதற் காரணமாகும். அவற்றை வேறுபடுத்தும் வழியே வன்தட்டுப் பகுப்பு.

நெற்செய்கையிற் பழகியோருக்கு இதனை விளக்குதல் எளிது. பெரிய வட்டையொன்றில் நிலம் ஒன்றாயினும் வரம்புகள் அதனைப் பல வயல்களாக்குகின்றன. ஒரு வயலை உழுது புதிதாக விதைக்கும்போது அடுத்த வயலிலுள்ள பயிர் அழிவதில்லை. வன்தட்டிலும் இவ்வாறே. ஆயின் அதன் வரம்பு மண்ணாலானதன்று. ஒவ்வொரு பகுதியும் எங்கே தொடங்குகின்றது, எவ்வளவு நீளுகின்றது என்பதைக் கூறும் ஒரு சிறு அட்டவணையேயாகும். 1983இல் ஐ.பி.எம். கணினிகளுக்கான டொஸ் முறைமையுடன் அறிமுகமான அட்டவணை, தட்டின் முதலாவது 512 பைட்டுகளுள் 64 பைட்டுகளில் அடங்கியது. அதில் நான்கு பகுதிகளுக்கே இடமிருந்தது. ஏறத்தாழ 2 ரெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டை முழுமையாக அளக்கவும் அதனால் இயலவில்லை. இன்று வழக்கிலுள்ள ஜி.பி.ரி. அட்டவணை பொதுவாக 128 பகுதிகளை ஏற்பதோடு, தன் படியொன்றைத் தட்டின் இறுதியிலும் வைத்திருக்கின்றது.

மீள நிறுவுகையில் மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும். முதலாவது, ஆவணங்கள் உண்மையில் எங்கேயுள்ளன என்பது. சி, டி எனப் பகுப்புகள் இருப்பினும், கணினித் திரையின் முகப்பில் நாம் வைக்கும் கோப்புகள் வழமையாகச் சி பகுதியிலேயே, அதாவது முறைமையின் வயலிலேயே, தங்குகின்றன. இரண்டாவது, நிறுவும் வேளையில் விண்டோஸ் காட்டும் பட்டியலில் சி, டி என்ற எழுத்துகள் தோன்றா. இலக்கங்களும் கொள்ளளவுகளுமே தோன்றும். ஆதலால் ஒவ்வொரு பகுதியின் அளவையும் முன்னரே தாளிற் குறித்துக்கொள்ளாதவர் தவறான பகுதியை அழித்துவிடக்கூடும். மூன்றாவது, விரைவான போமற் பற்றியது. அது பெரும்பாலும் கோப்புகளின் சுட்டியையே நீக்குவதால், காந்தத் தட்டில் புதியன எழுதப்படுமுன் பழையவற்றை மீட்க வாய்ப்புண்டு. திண்மநிலைத் தட்டுகளில் அவ்வாய்ப்பு மிக அரிது.

தமிழில் எழுதுவோருக்குத் தனியானதொரு சிக்கலும் உண்டு. இலங்கையில் நீண்டகாலம் பாமினி எழுத்துருவிற் பெருந்தொகையான ஆவணங்கள் தட்டெழுதப்பட்டன. அவ்வாவணங்களிற் பதிவானவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு. அவ்வெழுத்துருவோ முறைமையின் பகுதியில் இருப்பது. முறைமையை மீள நிறுவியபின், கோப்புகள் பிறிதொரு பகுதியிற் பழுதின்றி இருந்தும், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சியளிக்கும். ஆவணம் அழிந்ததென எண்ணி அதனை நீக்கிவிடுதல் கூடாது. எழுத்துருவை மீள இட்டால் போதுமானது. எனினும் நிலையான தீர்வு யூனிகோட்டுக்கு மாற்றுவதேயாகும். 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதிலே ஒவ்வோர் எழுத்தும் தமிழெழுத்தாகவே பதிவாகின்றது.

இனி, பகுப்பின் எல்லையையும் கூறுதல் வேண்டும். வரம்பு உழவிலிருந்து அயல் வயலைக் காக்கும், வெள்ளத்திலிருந்து காவாது. தட்டே பழுதுற்றால் அதிலுள்ள எல்லாப் பகுதிகளும் ஒருங்கே போகும். டி பகுதியில் வைத்தோம் என்பது பாதுகாத்தோம் என்றாகாது. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியையும், 2004 டிசெம்பர் 26இல் எழுவான்கரையின் கடலோரத்தைத் தாக்கிய ஆழிப்பேரலையையும் கண்ட பிரதேசத்திற்கு, ஒரே இடத்தில் உள்ளது ஒரே நாளில் அழியும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, வேறொரு தட்டில், இயலுமாயின் வேறோர் ஊரில், ஒரு படி இருத்தல் வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் இரு கரைகளும் நெருங்கிவிட்டன. கொக்கட்டிச்சோலையின் ஆவணப் படியொன்றை மறுகரையில் வைத்தல் இன்று அரிய செயலன்று.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தமையாலேயே பழைய நூல்கள் எஞ்சின. மட்டக்களப்பு மான்மியம் 1962இல் எப். எக்ஸ். சீ. நடராசா அவர்களாற் பதிப்பிக்கப்பட்டு அச்சேறியதும் ஏட்டுப் பிரதிகள் பேணப்பட்டமையாலேயே. ஓலை மாறியது, நூல் நின்றது. முறைமையும் தட்டும் ஓலை போன்றவை. அவை மாறியே தீரும். எது ஓலை, எது நூல் என்று பகுத்தறியும் அறிவு திருத்துநரிடம் மட்டும் தங்கியிருக்கும்வரை, நமது எழுத்துக்கு நாம் உரியவராகோம். பாடசாலைதோறும் மாணவர் தம் கையால் ஒருமுறையேனும் இதனைச் செய்து பழகுதல், கணினிக் கல்வியின் தொடக்கமாக அமைதல் வேண்டும்.