கண்ணாடிக்குள் தேடிய மருந்து

1906-ல் அலாய்ஸ் அல்சைமர், மறதி நோயோடு வாழ்ந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது திட்டுத்திட்டான படிவுகளைக் கண்டார். அவற்றில் நிறைந்திருப்பது பீட்டா அமைலாய்டு என்ற சின்னஞ்சிறு புரதம் என்று தெரியவர 1980-கள் ஆயின. சுமார் 40 அமினோ அமிலங்கள்தான் அதன் நீளம். நல்ல உடம்பிலும் அது உண்டு. தனித்தனியாக மிதக்கும்வரை வம்பில்லை. ஜிப் பற்கள்போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சிறு திரள்களாகி, இழையாக நீளும்போதுதான் ஆபத்து.

1996-ல் ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் ஷெர்ன்பெர்க் குழுவினர் இந்தப் புரதத்தைத் துண்டு துண்டாகத் தயாரித்து, எந்தத் துண்டு முழுப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். ஒட்டியது 16 முதல் 20 வரையிலான ஐந்து அமினோ அமிலங்கள். அந்தக் குட்டித் துண்டை, அதாவது பெப்டைடைக் கலந்தால் இழை வளர்வது நின்றது! ஏறக்குறைய அதே காலத்தில் கிளாடியோ சோட்டோ என்ற ஆய்வாளர் அந்தப் பகுதியில் புரோலினைச் செருகினார். புரோலின் வளைய வடிவம் கொண்டது. பக்கத்து இழையோடு பிணைய வேண்டிய ஹைட்ரஜன் அதனிடம் இல்லை. கோணல் பல் ஒன்று நடுவில் புகுந்தால் ஜிப் எப்படி மூடும்?

சோதனைக் குழாயில் எல்லாம் சரிதான். உடம்புக்குள் போனால் நொதிகள் பெப்டைடை நறுக்கித் தள்ளிவிடும். இதற்கு ஜெர்மனியின் யூலிஷில் டீட்டர் வில்போல்ட் கையாண்ட வழியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். நம் புரதங்களின் அமினோ அமிலங்கள் 'இடக்கை' வடிவம் கொண்டவை. 'வலக்கை' பெப்டைடை நொதிகள் எளிதில் வெட்ட முடியாது. ஆனால் பொருத்தமான வலக்கைப் பெப்டைடை எங்கே தேடுவது? உயிர்கள் அவற்றைச் செய்து தருவதில்லையே! அவர் பீட்டா அமைலாய்டையே வலக்கை வடிவில், அதாவது கண்ணாடிப் பிம்பமாகச் செய்தார். கோடிக்கணக்கான வைரஸ்கள் சுமக்கும் சாதாரண இடக்கைப் பெப்டைடுகளில் எது அந்தப் பிம்பத்தைப் பற்றுகிறது என்று சலித்தெடுத்தார். பிறகு அதன் பிம்பத்தை ஆய்வகத்தில் செய்தார். பிம்பத்தின் பிம்பம் அசலைப் பற்றித்தானே ஆக வேண்டும்? பற்றியது.

அந்த வழியில் மெருகேறி வந்த ஆர்டி2, வாய்வழியே விழுங்கக்கூடியது. சிறு திரள்களைக் குலைத்துத் தனித்தனிப் புரதங்களாக்குவதே அதன் வேலை. ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டது. நோயாளிகளுக்குப் பலன் தருமா என்பதை அடுத்த கட்டச் சோதனைதான் சொல்ல வேண்டும். மறதி நோய்க்கு அமெரிக்கா 2023-ல் முழு ஒப்புதல் தந்த லெக்கானெமாப் என்ற மருந்தும் பெப்டைடு வகை அல்ல, அது எதிர்ப்பொருள் மருந்து. ஆகவே, மறதியைப் போக்கும் பெப்டைடு என்று இணையத்தில் யாராவது ஊசி விற்றால் தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள்.