மெகாவாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவருவோம்

பத்தாம் வகுப்பில் மின்திறன் பாடம் நடத்தும்போது வாட், கிலோவாட் வரை மாணவர்கள் எளிதாக வந்துவிடுகிறார்கள். செய்தித்தாளில் வரும் மெகாவாட்டைப் பற்றிக் கேட்டால், "அவ்வளவு கரண்ட் சேர்த்து வைத்திருக்கிறார்கள்" என்கிறார்கள். மெகாவாட் சேமிப்பின் அளவு அன்று. மின்னாற்றல் எவ்வளவு வேகமாக உற்பத்தியாகிறது அல்லது செலவாகிறது என்பதன் அளவு. இதை விளக்க மூன்று கணக்குகளைப் பயன்படுத்துகிறேன்.

முதல் கணக்கு, கிணற்று மோட்டார். கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகளுக்கு அது நன்கு பழக்கம். ஒரு குதிரைத்திறன் 746 வாட்; எனவே 5 குதிரைத்திறன் மோட்டார் 3,730 வாட். ஒரு மெகாவாட் என்பது 10 லட்சம் வாட். வகுத்தால், 268 மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடலாம். நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணை நீர்மின் நிலையத்தின் திறன் 7.5 மெகாவாட். மின்னிழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஏறத்தாழ 2,000 மோட்டார்கள். கூடங்குளத்தில் இயங்கும் ஓர் அணு உலையின் திறனோ 1,000 மெகாவாட், அதாவது ஒரு கிகாவாட். அது சாத்தனூரைப் போல 133 மடங்கு.

இரண்டாவது, மின்கட்டணக் கணக்கு. வீட்டு ரசீதைக் கொண்டுவரச் சொல்வதில்லை. ஒருவர் வீட்டு வசதி மற்றவருக்குத் தெரிய வேண்டாம். இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் எனக் கரும்பலகையில் எழுதுகிறேன். யூனிட் என்பது கிலோவாட் மணி. திறனை நேரத்தால் பெருக்கக் கிடைப்பது. ஒரு மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட். 60 நாள்கள் இடைவிடாமல் ஓடினால் 14,40,000 யூனிட். இது 7,200 வீடுகளுக்குப் போதும்.

மூன்றாவது கணக்கில்தான் மாணவர்கள் வியக்கிறார்கள். அதே ஒரு மெகாவாட் சூரியமின் நிலையமாக இருந்தால்? இரவில் உற்பத்தி இல்லை. காலையிலும் மாலையிலும் குறைவு. நாளொன்றுக்குச் சுமார் 4,000 யூனிட் எனக் கொண்டால், 60 நாள்களில் 2,40,000 யூனிட். 1,200 வீடுகளுக்கே போதும்.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கப்பட்ட சூரியமின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். இது அணு உலையின் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் ஆண்டு முழுவதும் தரும் யூனிட்டுகளை அதே விகிதத்தில் ஒப்பிட முடியாது. காரணத்தை மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

மெகாவாட் என்ற சொல் வரும் செய்தியை வாரம் ஒன்று தகவல் பலகையில் ஒட்டி, "எத்தனை மணி நேரம்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மின்திட்டங்களைப் பற்றி நாளை முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம்.